இருபத்தொன்பதாவது சிமிட்டல்

ரஷீதாவின் வலது கைக் கட்டைவிரல் சும்மா இருக்கவே இருக்காது. தொழுகை முடித்து இறைவனைப் புகழும் தஸ்பீஹ் சொல்லும்போது விரற்கணுக்களைத் தொட்டு எண்ணிப் பழகிய விரல் அது. கண்ணெதிரே ஏதாவது ஒன்று திரும்பத் திரும்ப நடந்தால் போதும், கட்டைவிரல் தானாகப் போய்ச் சுண்டுவிரலின் அடிக்கணுவைத் தொட்டுவிடும். பிறகு நடு, பிறகு நுனி. அடுத்து மோதிரவிரல். விரலுக்கு மூன்று கணு, நான்கு விரலுக்குப் பன்னிரண்டு. ஏர்கான் குழாயில் சொட்டும் தண்ணீரையும் எண்ணும், மின்தூக்கி கடக்கும் மாடிகளையும் எண்ணும். அவர் கேட்டு அது எண்ணுவதில்லை. "உன் விரலுக்குத் தனியா ஒரு பேங்க் புக் தொறக்கணும்" என்று அவர் கணவர் நூருல் அமீன் கேலி செய்வார்.

நாற்பத்தொன்பது வயது. தொடக்கநிலை ஆறோடு படிப்பு நின்றது. பதினேழு வயதில் மின்னணுத் தொழிற்சாலை வாசலில் மற்றப் பெண்களோடு வரிசையில் நின்றவர், அன்று பிடித்த, ஈயம் உருக்கி ஒட்டும் சால்டர் கோலை இன்றுவரை கீழே வைக்கவில்லை. தொழிற்சாலைகள் மாறின. முதலாளிகள் மாறினார்கள். கை மட்டும் அதே கை. பூன் லேயில் வீடு, அங்கிருந்து ஒரே பஸ்ஸில் வேலை. ஜன்னல் ஓரத்து மேசை, வட்டப் பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கு, கால் கொஞ்சம் ஆடும் முக்காலி. அங்கே உட்கார்ந்து பிஸ்மில்லாஹ் சொல்லிக் கோலை எடுத்தால், எறும்பின் கால் மாதிரி இருக்கும் சிப்பின் கால்களை ஒவ்வொன்றாகப் போர்டில் பதித்து வைப்பார்.

அந்தத் தொழிற்சாலையில் செய்வது ஒரு சின்னப் பெட்டி. மீன்கடை, இறைச்சிக்கடை, சாப்பாட்டுக்கடை இவற்றின் ஃப்ரீசருக்குக் காவல் அது. ஒரு கம்பியின் நுனி ஃப்ரீசருக்குள் இருக்கும். உள்ளே குளிர் குறைந்தால் பெட்டி கடைக்காரரின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பிவிடும். பச்சை விளக்கு எரிந்தால் சுகம். சிவப்பு வந்தால் கோளாறு.

அந்தப் பெட்டிக்குள்ளே கர்னல் என்று ஒரு மென்பொருள் ஓடுகிறது. அதை எழுதுகிற இன்ஜினியர் ராஜீவ் ஒருநாள் கோப்பி குடித்துக்கொண்டே ரஷீதாவுக்கு அதைச் சொன்னார். கேட்டுவிட்டு ரஷீதா தன் வழக்கப்படி ஒன்றைப் பொருத்திப் பார்த்துக்கொண்டார். கல்யாணத்துக்குச் சோறாக்கும் இடத்தில் தலைமைச் சமையல்காரர் பண்டாரி நிற்பாரே, அந்த மாதிரி. யார் எப்போது அடுப்பருகே வர வேண்டும், யாருக்கு எந்தச் சட்டி, எல்லாம் அவர் சொல்படிதான். மற்றவர்களில் ஒருவர் தடுக்கி விழுந்தால் பண்டாரி பார்த்துக்கொள்வார். பண்டாரியே விழுந்தால்? விழுமுன் "இதனால்தான் விழுந்தேன்" என்று ஒரு குறிப்பை எழுதிவைத்துவிட்டு, எழுந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்காகவே ராஜீவ் கர்னலுக்குள் ஒரு துண்டு எழுதியிருந்தார். 'விழுந்தால் செய்ய வேண்டியது' என்று அதற்குப் பெயர் வைக்கலாம்.

தொல்லை வந்தது அந்தத் துண்டில்தான். ஆனால் அது தெரியும்முன் பழி ரஷீதாவின் கைமேல் வந்து விழுந்தது.

புதிய கர்னல் போட்ட பெட்டிகள் வெளியே போய் மூன்று வாரத்தில், தேக்கா சந்தையிலிருந்து மட்டும் ஏழு பெட்டிகள் திரும்பி வந்துவிட்டன. சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் எல்லாருடைய புகாரும். ஆனால் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்து சோதனை மேசையில் மாட்டினால் ஏழும் பச்சையாக எரிந்தன, ஒன்றுமே நடக்காதது போல. ராஜீவ் ஒவ்வொன்றையும் கணினியில் இணைத்து, அது எழுதிவைத்த கடைசிக் குறிப்பைப் படித்தார். ஏழிலும் ஒரே வாசகம்: குறிப்பு எழுதும் இடத்தில் நின்றுவிட்டது.

குறிப்பு போய்ச் சேர வேண்டிய இடம் மெமரி சிப்பு. அந்த ஒரு சிப்பு மட்டும் பிற்பாடு சேர்த்தது. இங்குள்ள மெஷினில் ஏறாது, கையால்தான் வைக்க வேண்டும். வைப்பவர் ரஷீதா.

வெள்ளிக்கிழமை காலை உற்பத்தி மேலாளர் பிரேம் அவர் மேசைக்கு வந்து நின்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் கையில் கடிகாரத்தையும் நெஞ்சில் கெடுவையும் சுமப்பவர்.

"அக்கா, நான் உங்களத் தப்பு சொல்லல. ஆனா ஏழு பெட்டி லா. இங்க வந்தா ஓடுது, அங்க போனா நிக்குது. அதுக்கு என்ன அர்த்தம்? சால்டர் லூஸ். மெமரி சிப்ப வச்சது யாரு?"

"நான்தான்" என்றார் ரஷீதா.

"அப்புறம் என்ன சொல்றது? அடுத்த வெள்ளி கஸ்டமருக்கு ரிப்போர்ட் போகணும். கைச் சால்டர் குறை, இனிமே ஜொகூர் ஃபேக்டரில மெஷின்ல செய்வோம்னு எழுதப் போறேன். அதுவரைக்கும் நீங்க பேக்கிங்ல இருங்க. கோவிச்சுக்காதீங்க."

"ஒரு தடவ கண்ணாடியில பாத்துக்கவா, பிரேம்?"

"பாருங்க. எல்லாரும் பாத்தாச்சு."

ரஷீதா பார்த்தார். ஏழு போர்டிலும் ஒவ்வொரு காலும் மூக்குத்திக் கல் மாதிரி மின்னியது. கையில் குறையில்லை என்று கண் சொன்னது. ஆனாலும் பழி என்று ஒன்று வந்துவிட்டால் கண்ணை நம்பவும் பயம் வந்துவிடுகிறது. மறுபடியும் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். கடைசியில் பெட்டிகளை மூடி அடுக்கிவிட்டுப் பேக்கிங் மேசைக்குப் போனார். முப்பத்திரண்டு வருஷக் கையைப் பற்றி ஒரு காகிதம் ஒரே வரியில் முடிவுகட்டப் போகிறது. மேசை போவதுகூடப் பெரிதில்லை, அந்த வரி போகும் இடமெல்லாம் இந்தக் கை குறைக் கை என்றல்லவா போகும்.

வீட்டில் நூருல் அமீனுக்குக் கோபம் வந்தது. அவர் சாங்கியில் சரக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர், தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ரயிலில் போய் வருகிறவர். களைப்போடு சேர்ந்து வந்த கோபம்.

"நீ ஏன் வாய மூடிட்டு இருந்தே? இல்லேன்னு சொல்ல வேண்டியதுதானே!"

"இல்லேன்னு எதை வச்சுங்க சொல்றது? என் கை மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. ஆனா அவங்ககிட்ட ஏழு குறிப்பு இருக்கே."

"அப்ப என்ன செய்யப் போறே?"

"அல்லாகிட்ட துஆ கேப்பேன். ஞாயித்துக்கிழமை மீன் வாங்கப் போவேன்ல, அங்க அந்தப் பெட்டி இருக்கிற எடத்தையும் பாத்துட்டு வருவேன்."

"துஆவோட மீனும் சேந்துருச்சா?" என்று அவர் சிரித்துவிட்டார். கோபம் அதோடு போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூன் லேயில் ரயிலேறி, ஊட்ரம் பார்க்கில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்கினார். தேக்கா சந்தையில் சுப்பிரமணியத்தின் மீன்கடையில்தான் அவர் வருஷக்கணக்காக மீன் வாங்குவது. பகல் ஒரு மணி தாண்டியிருந்தது, கடைகள் அடங்கும் நேரம். சுப்பிரமணியம் ரப்பர் பூட்ஸும் ஈர ஏப்ரனுமாக நின்றார்.

"வா தங்கச்சி. இந்த நேரத்துக்கு வந்தா தெங்கிரியா கெடைக்கும்? வாலுதான் கெடைக்கும்."

"வாலே குடுங்கண்ணே. இந்தப் பெட்டி உங்ககிட்டயும் கோளாறாமே?"

"அத ஏன் கேக்குற! ரெண்டு தடவ மாத்திட்டாங்க. மூணாவதும் இன்னிக்கோ நாளைக்கோ செவப்பாயிரும் பாரு. உங்க கம்பெனிக்காரன் செஞ்சதுதானே?"

"நான் செஞ்சதுண்ணே" என்றார் ரஷீதா மெல்ல.

சுப்பிரமணியம் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "அட, நல்ல பெட்டிதான் லா. பச்சையா எரியுறப்ப பாத்தா அழகா இருக்கும்."

"எப்பண்ணே செவப்பாவுது?"

அவர் யோசித்தார். "கடைய அடைக்கிறப்பதான். இரு, நீயே பாரு. இப்பக் கழுவத்தான் போறேன்."

தேக்கா மீன்கடைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடை அடைக்கும்போது குழாயைத் திறந்து தரை, பலகை, ஃப்ரீசரின் வெளிப்புறம் எல்லாவற்றையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார்கள். அப்போது எந்த மின்கம்பியும் நனையக்கூடாது. சுப்பிரமணியம் போய்ப் பெட்டியில் சொருகியிருந்த குளிர் அளக்கும் கம்பியைப் பிடுங்கினார். அதன் முனையில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு ஆணியில் தொங்கவிட்டார். பெட்டிமேல் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்தார். டப்பா கண்ணாடி போன்றது. உள்ளே விளக்கு தெரிந்தது.

"இப்படி எல்லாக் கடையிலயும் செய்வாங்களா?"

"பின்ன? கரண்டு புடிச்சா யாரு வந்து பாப்பா?"

பச்சை விளக்கு அணைந்தது. சிவப்பு வந்தது. சிமிட்டியது. மறுபடியும் சிமிட்டியது. தண்ணீர் காலடியில் ஓட, தெங்கிரி என்னும் வஞ்சிர மீனின் வாலைப் பையில் பிடித்தபடி ரஷீதா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சட்டென்று விளக்கு இருண்டது. ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும் முதலிலிருந்து சிவப்பு. மறுபடியும் இருட்டு.

அப்போதுதான் அவர் தன் கையைக் கவனித்தார். கட்டைவிரல் மோதிரவிரலின் நடுக்கணுவில் நின்றிருந்தது. போன தடவை இருண்டபோதும் அங்கேதான் நின்ற நினைவு. மூன்றாவது தடவை மனம் வைத்து எண்ணினார். பன்னிரண்டு, இருபத்துநான்கு, அதற்குமேல் ஐந்து. மோதிரவிரல், நடுக்கணு. இருண்டது.

இருபத்தொன்பது.

"அண்ணே, பக்கத்துக் கடையிலயும் இந்தப் பெட்டி இருக்கா?"

"இருக்கே. ஏன், அவன்கிட்டயும் வால் வாங்கப் போறியா?"

பக்கத்துக் கடையிலும் இருபத்தொன்பது. மூன்றாவது கடையிலும் இருபத்தொன்பது.  ஒட்டு லூஸாக இருந்தால் எப்படி இருக்கும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். முப்பத்திரண்டு வருஷத்தில் எத்தனை லூஸ் ஒட்டுகளைப் பார்த்திருக்கிறார். லூஸ் ஒட்டு ஒருமுறை ஐந்தில் நிற்கும், ஒருமுறை ஐம்பது வரை போகும். தட்டினால் ஓடும், சூடானால் நிற்கும். தனித்தனியாக வைத்த மூன்று ஒட்டுகள் ஒன்றுக்கொன்று பேசிவைத்துக்கொண்டு ஒரே எண்ணில் நிற்காது.

திங்கட்கிழமை ராஜீவ் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ரஷீதா போய் எதிரில் நின்றார். ராஜீவுக்கு நாற்பத்திரண்டு வயது. பேச்சு குறைவு. தன் வேலையில் பிழை சொன்னால் காது சிவந்துவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள்.

"தம்பி, சாப்ட்டு முடிச்சிட்டு ஒரு அஞ்சு நிமிஷம் வாங்க. ஒண்ணு எண்ணணும்."

"எண்ணணுமா? என்னக்கா எண்ணணும்?"

"வந்து எண்ணுங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்க."

திரும்பி வந்த ஏழு பெட்டிகளையும் பேக்கிங் மேசையில் வரிசையாக வைத்து ஓடவிட்டிருந்தார். எல்லாம் பச்சை. ராஜீவ் வந்ததும் முதல் பெட்டியின் கம்பியைப் பிடுங்கினார்.

"கம்பிய ஏன்க்கா எடுக்குறீங்க?"

"தேக்காவுல எடுக்குறாங்க. தெனமும். கடை கழுவுறப்ப."

 இங்கே சோதனை மேசையில் ஒருநாளும் யாரும் கம்பியைக் கழற்றியதில்லை. சிவப்பு சிமிட்ட ஆரம்பித்தது. ராஜீவ் உதடு அசைய எண்ணினார். இருபத்தொன்பது. இரண்டாவது பெட்டி, இருபத்தொன்பது. நான்காவதில் அவர் உட்கார்ந்துவிட்டார். ஏழாவது பெட்டி இருண்டபோது எழுந்து சுவரைப் பார்த்து நின்றார். காது சிவந்திருந்தது.

ரஷீதா காத்திருந்தார். அந்த நேரத்தில் அவருக்குள் ஓடியதெல்லாம் ஒரே ஒரு வேண்டுதல்தான்: ரப்பே, இந்தத் தம்பிக்கு உண்மையைச் சொல்ல மனசு கொடு. ஏனென்றால், ராஜீவ் எதுவும் பேசாமல் உள்ளே போய்ப் பிழையைத் திருத்திவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. காகிதத்தில் சால்டர் என்ற வரி அப்படியே போகும்.

ராஜீவ் திரும்பினார். "இது உங்க கை இல்லக்கா. நான் எழுதுனது."

ரஷீதா ஏழாவது பெட்டியின் கம்பியைத் திரும்பச் சொருகினார்.

"விழுந்தா என்ன செய்யணும்னு ஒரு துண்டு எழுதுனேன்ல? அது வந்து லைட்ட ஒரு தடவ சிமிட்டும், அப்புறம் குறிப்பு எழுதும். குறிப்பு எழுதுறப்ப அதுவே விழுது. விழுந்தா யாரக் கூப்புடணும்? அதையேதான் கூப்புடணும். மறுபடி வருது, சிமிட்டுது, எழுத உக்காருது, விழுது. மறுபடி கூப்புடுது. ஒவ்வொரு தடவயும் கொஞ்சம் எடம் புடிக்கும். இருபத்தொம்போது தடவையில அதுக்குக் குடுத்த எடம் பூரா நெறைஞ்சிரும். அதோட மொத்தமா அணைஞ்சு முதல்லேர்ந்து ஆரம்பிக்குது. எல்லாப் பெட்டிலயும் ஒரே அளவு எடம். அதான் ஒரே எண்ணு."

ரஷீதா சற்று யோசித்தார். "அப்ப நீங்க படிச்சது கடைசிக் குறிப்பு. முதல் குறிப்பு எங்க தம்பி?"

"அது மேலயேதான் அடுத்தத எழுதியிருக்கும். இருபத்தெட்டு தடவ."

"அப்ப முதல்ல ஏன் விழுந்துச்சுன்னு நமக்கு இன்னும் தெரியாது."

"தெரியாதுக்கா" என்று ராஜீவ் பெருமூச்சு விட்டார். "எழுதுற எடத்துல நின்னுச்சுன்னு பாத்துட்டு நான் மெமரி சிப்பச் சொல்லிட்டேன். ஸாரிக்கா."

பிரேமிடம் போனார்கள். அவர் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "கம்பிய எடுத்தா வருது. அப்ப கம்பிய எடுக்காதீங்கன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டாப் போச்சு. எனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் வேணும். தப்பு எங்கேன்னு கையில காட்டுங்க, ரிப்போர்ட்ட மாத்துறேன். இல்லன்னா இருக்கிறதுதான் போகும்."

"ஸ்டிக்கர் ஒட்டுனா இது நிக்கும். நாளைக்கி வேற எதுலயாவது விழும், அப்பவும் காரணம் தெரியாம யாரையாவது புடிப்போம்" என்றார் ராஜீவ்.

"சரி, செய்ங்க. ஆனா பேக்கிங் நிக்கக்கூடாது அக்கா."

"நிக்காது" என்றார் ரஷீதா. அந்த வாரம் ஒரு கையால் பெட்டி கட்டி, மறுகையால் கம்பி பிடுங்கினார் என்றே சொல்லலாம்.

செவ்வாயன்று ராஜீவ் ஒரு கொடி வைத்தார். கர்னலுக்குள் ஒரு சின்ன அடையாளம்தான் அது. அந்தத் துண்டு வேலையைத் தொடங்குமுன் முதலில் கொடியை ஏற்ற வேண்டும். மறுபடியும் விழுந்து திரும்பி வந்தால், கொடி ஏறியிருப்பதைப் பார்த்து, 'நான் ஏற்கெனவே விழுந்துகொண்டுதான் இருக்கிறேன்' என்று புரிந்துகொண்டு அங்கேயே நின்றுவிட வேண்டும். சிமிட்டக்கூடாது, எழுதக்கூடாது. ரஷீதா கம்பியைப் பிடுங்கினார். ஒரே ஒரு சிமிட்டல். நின்றது.

"வந்துருச்சுக்கா!" என்று ராஜீவ் கைதட்டினார்.

ரஷீதா காத்திருந்தார். பெட்டி இருட்டாகவே இருந்தது. கம்பியைத் திரும்பச் சொருகினார். அப்போதும் இருட்டுதான்.

"தம்பி, இது செத்துருச்சே. கழுவி முடிச்சுக் கடைய அடைச்சிட்டு அந்த அண்ணன் வீட்டுக்குப் போயிருவாரு. ராத்திரி பூரா ஃப்ரீசர யாரு பாப்பா?"

ராஜீவின் கை பாதித் தட்டலில் நின்றது. "எழுந்திரிக்கணும்."

"எழுந்திரிக்கணும்ல?"

புதன்கிழமை, எழுந்திருக்கவும் வைத்தார். குறிப்பையும் இரண்டாக்கினார். எதையும் கேட்காமல், எங்கே விழுந்தது என்ற ஒரே வரியை முதலில் ஒரு மூலையில் எழுதிவிட வேண்டும். பெட்டி அணைந்து எழுந்தாலும் அழியாத மூலை அது. விரிவான குறிப்பெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த விரிவில் மறுபடி விழுந்தால், கொடியைப் பார்த்து, எதையும் தொடாமல் அணைந்து எழ வேண்டும். ரஷீதா பிடுங்கினார். ஒரு சிமிட்டல், இருட்டு, பிறகு பச்சை எரியப் பார்த்தது. நல்லது. ஆனால் கம்பி வெளியிலேயே இருந்ததால் இரண்டாம் முறையும் விழுந்தது. இந்தத் தடவை விளக்கு சிமிட்டவே இல்லை.

"இப்ப மூச்சே விடலயே தம்பி."

ராஜீவ் திரையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கொடிய எறக்க மறந்துட்டேன்! எழுந்திரிச்ச பெறகும் கொடி மேலயே இருக்கு. அதனால புதுசா விழுந்ததையும் பழசுன்னு நெனைக்குது."

"மறதி எல்லாருக்கும் வரும். போய் எறக்கிட்டு வாங்க."

அன்று மாலைத் தொழுகையான அஸர் நேரத்தில், சாமான் அறையின் மூலையில் தொழுதுவிட்டுத் தஸ்பீஹ் சொன்னபோது, முப்பத்துமூன்று தடவை சொல்ல வேண்டிய சுப்ஹானல்லாஹ்வின் இருபத்தொன்பதில் அவர் கட்டைவிரல் தானாக நின்றுவிட்டது. மோதிரவிரல், நடுக்கணு. அதற்குமேல் நகரவில்லை. மனம் தொழுகையில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. வெட்கப்பட்டு முதலிலிருந்து தொடங்கினார். மறுபடியும் அங்கேயே நின்றது.

வியாழன் பகல் பேக்கிங் மேசையில் ஏழு பெட்டிகள். பிரேமும் கைகட்டி நின்றார். ரஷீதா பிஸ்மில்லாஹ் சொல்லி ஒவ்வொரு கம்பியாகப் பிடுங்கினார். முதல் பெட்டி ஒரு சிமிட்டல் சிமிட்டி அணைந்து எழுந்தது. இரண்டாவதும் அப்படியே. ஏழும் அப்படியே. கம்பிகளைத் திரும்பச் சொருகினார். ஏழும் பச்சை. ராஜீவ் முதல் பெட்டியைக் கணினியில் இணைத்து, மூலையில் இருந்த ஒற்றை வரியைப் படித்தார்.

"சராசரிக் குளிரக் கணக்குப் போடுற எடம். வகுக்குற எண் பூஜ்யம்."

"தமிழ்ல சொல்லு லா" என்றார் பிரேம்.

"தமிழ்லதான் சொன்னேன்!"

ரஷீதாவுக்குத் தொடக்கநிலை நான்கில் படித்த வகுத்தல் நினைவுக்கு வந்தது. "கம்பி வெளிய இருந்தா குளிர் அளவே வராது. அளவு ஒண்ணுகூட இல்லாதப்ப சராசரி கேட்டா? பங்கு வாங்க ஆளே இல்லாத வீட்டுல பங்கு போடச் சொன்ன மாதிரில்ல?"

"அதேதான். பழைய கர்னல் அளவு வர்ற வரைக்கும் காத்திருக்கும். புதுசுல நான் வேகமா ஓடட்டும்னு அத எடுத்துட்டேன்" என்றார் ராஜீவ். பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "விழுந்தா எழுதுற குறிப்புலயும் அப்ப சராசரிக் குளிர் எவ்வளவுன்னு போடச் சொல்லி கஸ்டமர் கேட்டாங்க. அதனால அந்தத் துண்டும் அதே கணக்கப் போட்டு அதே பள்ளத்துல விழுந்திருக்கு. மெமரி சிப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அது பாவம், இருபத்தொம்போது தடவயும் ஒழுங்கா எழுதியிருக்கு."

மற்ற ஆறு பெட்டிகளிலும் அதே வரிதான்.

 பிரேம் ஏழு பெட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ரிப்போர்ட்ட மாத்துறேன்" என்று சொல்லி நடந்தார்.

"என் பேரப் போடு, பிரேம்" என்றார் ராஜீவ்.

"பேரு யாருக்கு வேணும்? கர்னல் பிழை, கண்டுபிடிச்சாச்சு, திருத்துறோம். அது போதும்."

"பிரேம்" என்று கூப்பிட்டார் ரஷீதா. அவர் மேலாளரை இப்படி நிறுத்துவது அதுதான் முதல் தடவை. "எழுதுனப்புறம் நான் ஒரு தடவ பாக்கலாமா?"

பிரேமின் முகம் மாறியது. சங்கடப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். "வாங்கக்கா. இப்பவே வாங்க."

ரஷீதாவுக்கு ஆங்கிலம் வேகமாக வராது. திரைக்கு அருகே குனிந்து, விரலை வரிவரியாக ஓட்டி, எழுத்துக்கூட்டிப் படித்தார். சால்டர் என்ற சொல்லைத் தேடினார். இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் இருந்தது. 'ஏழு போர்டுகளின் கைச் சால்டரும் சோதிக்கப்பட்டது. குறை ஏதுமில்லை' என்று அந்த வரி சொன்னது. சரியாகத்தான் படித்தோமா என்று இன்னொரு தடவை விரலை ஓட்டினார்.

"சரியாக்கா?"

"சரி" என்றார்.  கண்ணோரத்தைத் தலைமுக்காட்டின் நுனியால் ஒற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் வேலைக்கு வந்தபோது, பேக்கிங் பக்கம் ஒதுக்கியிருந்த வட்டக்கண்ணாடி விளக்கை பிரேமே தூக்கிவந்து ஜன்னல் மேசையில் மாட்டிக்கொண்டிருந்தார். முக்காலியும் வந்திருந்தது. அதன் ஆடும் காலுக்கு யாரோ அட்டையை மடித்து அடியில் வைத்திருந்தார்கள். யார் என்று அவர் கேட்கவில்லை. தூரத்தில் ராஜீவ் தன் கணினிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

ஜொகூர் மெஷின் ஒருநாள் வரலாம், வராமலும் போகலாம். அது வந்தால் இந்தக் கைக்கு வயதானதால் வரட்டும், கையில் குறை என்று சொல்லிக்கொண்டு வராது. அந்த நிம்மதி போதும் என்று அவர் கோலை எடுத்துச் சூடேற்றினார்.

ராஜீவ் அந்தக் கணக்கையும் திருத்தி அனுப்பிய பிறகு, அடுத்த ஞாயிறு தேக்காவில் சுப்பிரமணியம் அவரைப் பார்த்ததும் குழாயை நிறுத்திவிட்டுச் சண்டைக்கு வந்தார்.

"தங்கச்சி, என்ன பெட்டி இது? கம்பிய எடுத்த ஒடனே போன் கத்துது. 'கம்பி வெளியே இருக்கிறது, தயவுசெய்து சொருகவும்'னு. தெனமும் கழுவுறப்ப எனக்கு உத்தரவு போடுது!"

"செவப்பு வருதாண்ணே?"

"செவப்பெல்லாம் வரல. ஆனா என் பொண்டாட்டி இப்பப் பெட்டி பக்கம் சேந்துட்டா."

ரஷீதா வாய்விட்டுச் சிரித்தார். அன்று தெங்கிரியில் நல்ல நடுத்துண்டாகவே கிடைத்தது.

மீனைக் கழுவி மஞ்சள் தடவி வைத்துவிட்டு, பூன் லே வீட்டில் அஸர் தொழுதார். ஸலாம் கொடுத்தபின் கையை மடியில் வைத்து எண்ணத் தொடங்கினார். பன்னிரண்டு, இருபத்துநான்கு. சுண்டுவிரல் முடிந்தது. மோதிரவிரலின் நடுக்கணு வந்தது. கட்டைவிரல் அங்கே நிற்கவில்லை. நுனிக்குப் போயிற்று, அங்கிருந்து நடுவிரலுக்கு ஏறி, முப்பத்துமூன்றாவது சுப்ஹானல்லாஹ்வில் அதன் நுனிக்கணுவைத் தொட்டு நின்றது. அதன் பிறகு அல்ஹம்துலில்லாஹ்வைத் தொடங்கினார். அன்று அதை வழக்கத்தைவிட நிதானமாகச் சொன்னார்.